சோமபானம், சுரா, கருப்பு முன்னால் வைத்த பாட்டில்: மேளக்காரர் குடிக்க வேதம் சாட்சி சொல்லுமா?

கேட்டவர் மேலூர்ப் பக்கம் ஒரு நையாண்டி மேள செட்டில் பம்பை அடிக்கும் தம்பி. அவர் செட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கிறாராம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் வேனில் ஏறும்போதே, "சாமவேதம் பாடுனவனே சோமபானம் அடிச்சிட்டுத்தான்டா பாடுனான், கலைஞன் குடிக்காம இருந்தா கை எப்படிடா பேசும்?" என்று ஆரம்பித்துவிடுவாராம். இது உண்மையா, சோமபானம் என்றால் சாராயம்தானா, அந்தக் காலத்துப் பாட்டுக்காரர்கள் எல்லாரும் குடித்தார்களா என்று தம்பி கேட்கிறார்.

நான் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், ஆசைக்குக் கொஞ்சம் வடமொழியும் படித்தேன். எங்கள் அப்பா தவில்காரர். அதனால் இந்தப் பேச்சை யாகசாலைப் பக்கமிருந்தும் தெரியும், வேனுக்குள்ளே இருந்தும் தெரியும். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் அண்ணன் தப்பான சாட்சியைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். வேதம் அவர் பக்கம் பேசாது. புறநானூற்றைக் கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும், ஆனால் அதுவும் அவர் நினைக்கிற மாதிரி பேசாது.

முதலில் சோமம். ரிக் வேதத்தின் 9ஆம் மண்டலம் முழுக்க, 114 சூக்தங்களும் (பாடல்களும்), இந்த ஒரு சாற்றைப் பற்றித்தான். அதைப் பிழிகிற விதத்தைப் பாருங்கள். ஒரு செடியின் தண்டுகளைக் கொண்டுவந்து தண்ணீரில் நனைத்து, தோல் விரித்து, கல்லால் நைத்து, ஆட்டு ரோம வடிகட்டியில் வடித்து, பாலோ தயிரோ வாற்கோதுமை மாவோ கலந்து தேவர்களுக்குப் படைத்துவிட்டுக் குடிக்கிறார்கள். காலை, உச்சி, மாலை என்று ஒரே நாளில் மூன்று தடவை பிழிவார்கள். ஊறப்போட்டுப் புளிக்கவிடுவது என்கிற வேலையே இந்த முறையில் கிடையாது. பனஞ்சாறு மாதிரி சர்க்கரை நிறைந்த சாறு சில மணி நேரத்தில் தானாகப் புளித்துவிடும் என்று பனையேறி வீட்டுப் பிள்ளை யாராவது சொல்வீர்கள், சரிதான். ஆனால் தண்ணீரில் ஊறிய தண்டின் சாற்றைப் பாலில் கலந்து அன்றைக்கே குடித்துத் தீர்த்தால் அதில் போதை ஏற்றுகிற அளவுக்குச் சாராயம் விளைய வழியில்லை. அது ஏதோ ஒரு கிளர்ச்சியைக் கொடுத்திருக்கிறது, அது உறுதி. "சோமம் குடித்தோம், சாவில்லாதவர் ஆனோம்" என்று 8ஆம் மண்டலத்திலேயே ஒருவர் பாடுகிறார். அந்தக் கிளர்ச்சி செடியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

எந்தச் செடி என்பதில்தான் நூறு சண்டை. பார்சிகள் தங்கள் ஹோமச் சடங்கில் இன்றும் எபிட்ரா என்கிற புதர்ச்செடித் தண்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் எபிட்ரின் என்ற ஊக்கப்பொருள் உண்டு, ஆகவே அதுதான் பழைய சோமம் என்று ஒரு கட்சி. 1968இல் வாசன் என்ற அமெரிக்கர் அது செடியே இல்லை, சிவப்புத் தலையில் வெள்ளைப் புள்ளி வைத்த ஒரு வகைக் காளான் என்றார். நம் பக்கத்தில் சோமயாகம் செய்கிறவர்கள் எடுப்பது இலையில்லாத பால்கொடி ஒன்று. சோமக்கொடி, கொடிக்கள்ளி என்பார்கள், காய்ந்த பாறைச் சரிவுகளில் படர்ந்து கிடக்கும். 1975இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் பன்னிரண்டு நாள் நடந்த அதிராத்திரம் என்ற சோமயாகத்திலும் கொடிதான் பிழிந்தார்கள். அதில் போதையும் கிடையாது ஒன்றும் கிடையாது. (கரட்டில் பார்த்தால் பிடுங்கி வாயில் வைத்துப் பார்க்காதீர்கள், கள்ளிப்பால் கள்ளிப்பால்தான்.) அசல் செடி கைவிட்டுப் போனதும் பூதீகம் போன்ற மாற்றுச் செடிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று பிராமணங்கள் எனப்படும் வேதச் சடங்கு விளக்க நூல்களிலேயே அனுமதி வந்துவிட்டது. குடிக்கிறவன் கிறுகிறுப்பு அவர்களுக்கு முக்கியமாக இருந்திருந்தால், கிறுகிறுப்பே தராத கொடியை வைத்துக்கொண்டு இத்தனை நூற்றாண்டு யாகம் நடந்திருக்காது.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. யாகத்துக்குச் சோமத்தை விலைக்கு வாங்க வேண்டும், அதற்குப் பேரம் ஒரு சடங்கு. வாங்குகிறவர் பசுவில் இவ்வளவு பங்கு தருகிறேன் என்பார், விற்கிறவன் "சோமராஜா அதற்கு மேல் பெறுவார்" என்பான், இப்படியே ஏறி ஏறி ஒரு பசுவில் வந்து முடியும். முடிந்ததும் விற்றவனைக் கழியைக் காட்டி விரட்டிவிடுவார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து மாட்டு விலை பேசுகிற நம் ஊர்ச் சந்தையில் இப்படி விரட்டியிருந்தால் மறுவாரம் சந்தையே கூடியிருக்காது.

இப்போது சாராயத்துக்கு வருவோம். வேதக்காரர்களுக்குச் சாராயம் தெரியாமல் இல்லை. அதற்குத் தனிப் பெயர் வைத்திருந்தார்கள்: சுரா. முளைவிட்ட தானியம், பொரி, புளிப்பூட்டுகிற மூலிகைப் பொடி, கஞ்சி எல்லாம் பானையில் போட்டு மூன்று இரவு வைத்து எடுப்பது. தானியக் கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது? வருணனிடம் மன்னிப்புக் கேட்கிற வசிஷ்டர், "நானாகச் செய்யவில்லை, சுராவும் கோபமும் சூதாட்டக் காயும் புத்தியின்மையும் செய்தது" என்று காரணம் அடுக்குகிறார் (7ஆம் மண்டலம், 86ஆம் சூக்தம்). இன்றைக்கும் மறுநாள் காலையில் இதே வசனத்தைத்தான் கேட்கிறோம். சதபத பிராமணம் இன்னும் பட்டென்று போட்டு உடைக்கிறது: சோமம் உண்மை, செழிப்பு, ஒளி; சுரா பொய், கேடு, இருள். இதைச் சொல்வது வாஜபேயம் என்ற யாகத்தில், அங்கே 17 கிண்ணம் சோமமும் 17 கிண்ணம் சுராவும் பக்கத்தில் பக்கத்தில் எடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டே இது வேறு அது வேறு என்கிறவர்களிடம் போய் இரண்டும் ஒன்று என்று உங்கள் அண்ணன் சாட்சி கேட்கிறார்.

அப்போ சுராவுக்கு யாகத்தில் இடமே இல்லையா என்றால், இருந்தது. சௌத்ராமணி என்று ஒரு யாகம். இந்திரன் அழைக்காத இடத்துக்குப் போய்ச் சோமத்தை அளவில்லாமல் குடித்துவிட்டு உடம்பு கெட்டு, மூக்கு வழி காது வழி எல்லாம் சக்தி ஒழுகிப்போக, தேவ வைத்தியர்களான அசுவினிகளும் சரசுவதியும் சேர்ந்து அவனைத் தேற்றிய கதை இதற்குப் பின்னணி. அசுவினிகள், சரசுவதி, இந்திரன் என்று இவர்களுக்கெல்லாம் சுரா படைப்பார்கள். படைத்த பிறகு மிச்சத்தை யார் குடிப்பது என்ற பிரச்சினை வந்தது பாருங்கள், தைத்திரீய பிராமணம் ஒரு வழி சொல்கிறது: கூலி கொடுத்து ஒரு பிராமணனைக் குடிக்க வை, ஆள் கிடைக்காவிட்டால் புற்றில் ஊற்று. குடிக்கிறதுக்குக் காசு கொடுத்து ஆள் பிடித்த காலம்! பிற்பாடு சுராவுக்குப் பதிலாகப் பாலையே வைத்துவிட்டார்கள். சாந்தோக்கிய உபநிடதத்தில் சுரா குடிப்பவன் பொன் திருடுகிறவனோடு சேர்த்து எண்ணப்படுகிறான், மனு காலத்தில் வெல்லச் சாராயம், மாவுச் சாராயம், இலுப்பைப்பூச் சாராயம் மூன்றும் பட்டியலோடு விலக்கு. அசுரர்கள் கசனை எரித்துச் சாம்பலைச் சுராவில் கலந்து அவன் குருவான சுக்கிரனுக்கே கொடுத்த பாரதக் கதை இந்த விலக்குக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

"மது" என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. வேதத்தில் சோமத்தை நூறு இடத்தில் மது என்று அழைப்பார்கள். அதற்குத் தேன், இனிப்பு என்று அர்த்தம். நமக்கு மது என்றால் மதுவிலக்கு, மதுக்கடை. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால் ரிஷிகள் எல்லாம் கடை வாசலில் நிற்பது மாதிரிதான் தெரியும். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள், சிவன் சடையிலிருந்த நிலா சிந்திய மதுரம் விழுந்து மதுரை ஆனது என்று திருவிளையாடல் சொல்கிறதே, அதைக் கேட்டு யாரும் பாட்டிலை நினைப்பதில்லை. சோமசுந்தரர் என்கிறபோது அந்தச் சோமம் நிலா. பிழிகிற சோமத்தை நிலாவோடு சேர்த்துப் பேசுகிற வழக்கம் ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே வந்துவிட்டது.

சரி, பாட்டுக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் சொன்னதில் ஒரு பாதி உண்மை, அதை மறைக்கக் கூடாது. சாமகானத்துக்கும் சோமத்துக்கும் பிரிக்க முடியாத உறவு. சோமயாகத்தின் அடிப்படை வடிவமான அக்னிஷ்டோமத்தில் 12 ஸ்தோத்திரங்கள் பாட வேண்டும். பிரஸ்தோதா எடுத்துக் கொடுப்பார், உத்காதா நடுப்பகுதியை விரிப்பார், பிரதிஹர்த்தா பின்னால் வாங்குவார், நம் செட்டில் முதல் நாயனம், இரண்டாம் நாயனம் மாதிரி பங்கு பிரித்த வேலை. காலையில் முதல் பாட்டுக்குப் போகும்போது ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, குனிந்து, வேட்டைக்குப் பதுங்குகிறவர்கள் மாதிரி வரிசையாக நகர்ந்து போவார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கூட்டத்துக்குள் சாமி முன்னால் பின்னோக்கி நகர்ந்தபடியே வாசிக்கிற நம் மேளக்காரர் வரிசை ஞாபகம் வரும்.

ஆனால் வரிசைக் கிரமம் எது? கிண்ணத்தில் சோமம் நிரம்பும். பிறகு பாட்டு. பாட்டு முடிந்து, ரிக் வேதம் ஓதுகிற ஹோதாவின் துதி. பிறகு தீயில் ஆகுதி. அதற்கப்புறம் மிச்சம் இருப்பதை முறைக்காரர்கள் குடிப்பார்கள். பாட்டுக்கு அப்புறம்தான் பானம், அதுவும் சாமி வாய் வைத்த மிச்சம். ஒரு நாளில் பல சுற்று என்பதால் இரண்டாவது பாட்டு முதல் குடிக்குப் பின்னால்தானே வரும் என்று மடக்கலாம், மடக்குங்கள், ஆனால் குரல் திறக்கட்டும், பயம் போகட்டும் என்று பாட்டுக்கு முன்னால் ஊற்றிக் கொடுக்கிற ஏற்பாடு அந்தச் சடங்கில் எங்கேயும் இல்லை. கந்தர்வர்கள் கதை ஒன்றும் உண்டு. சோமத்தைக் கந்தர்வர்கள் பிடித்து வைத்திருந்தார்கள், தேவர்கள் வாக்கு என்ற பெண்ணைக் கொடுத்துச் சோமத்தை மீட்டார்கள், பிறகு அவளையும் திரும்பக் கேட்டார்கள். அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று முடிவு. கந்தர்வர்கள் வேதம் ஓதிக் காட்டினார்கள், தேவர்கள் வீணை ஒன்று செய்து வாசித்துப் பாடினார்கள், அவள் பாட்டுப் பக்கம் வந்துவிட்டாள். கதையைச் சொன்ன சதபத பிராமணக்காரர் அந்தப் பெண்ணைக் கொஞ்சம் கிண்டல் செய்கிறார், போகட்டும், ஆனால் போட்டியில் ஜெயித்தது வீணை.

இனி புறநானூறு. உங்கள் அண்ணன் மதுரைக்காரர், அவர் கையிலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, தெரியாமல் வடக்கே அலைகிறார். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, நம் பாண்டியன். பெயரிலேயே யாகசாலை. நெட்டிமையார் அவனைப் பார்த்து, உன்னிடம் தோற்றவர் அதிகமா, நீ வேள்வி முடித்துத் தூண் நட்ட களங்கள் அதிகமா என்று கேட்கிறார் (புறம் 15). அதே பாட்டிலேயே பாடினியும், அதாவது பாட்டுக்காரியும், வந்துவிடுகிறாள். அவனைப் பார்க்கப் போகிற இன்னொரு பாட்டு நெடும்பல்லியத்தனார் என்கிறவருடையது, புறம் 64. பல்லியம் என்றால் பல வாத்தியம், பெயரே செட்டுப் பெயர் மாதிரி இருக்கிறது. யாழையும் ஆகுளியையும் பதலையையும் சுருக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புவோம் விறலி (ஆட்டக்காரி), முதுகுடுமியைப் பார்த்தால் இந்தத் தண்ணிக் கஞ்சியை விட்டுவிட்டு வரலாம் என்கிறார். "புற்கை நீத்தனம் வரற்கே." புற்கை என்றால் கூழ். மேளத்தை மூட்டை கட்டிக்கொண்டு வேனேறுகிறவன் மனசில் இருப்பது அன்றைக்கும் வீட்டு அடுப்புத்தான்.

கள் உண்டா? ஏகமாக உண்டு. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி என்று அதற்கு எத்தனை பெயர்! (தோப்பி என்பது வீட்டில் காய்ச்சும் அரிசிக் கள். தவிலின் இடப்பக்கத்துக்குப் பெயர் தொப்பி. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, ரெண்டும் அடிவாங்குற ஜாதிதான் என்றார்.) பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள் செய்முறையே இருக்கிறது: அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, பாம்புப் புற்றின் சோறு மாதிரி இருக்கிற முளையை இடித்துக் கலந்து, வலுவான சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுப்பது. மேலே சொன்ன சுரா செய்முறையோடு வைத்துப் பாருங்கள், முளைத் தானியம், கஞ்சி, பானை, இரண்டு மூன்று இரவு. அடுப்படியில் வடக்குத் தெற்கு வித்தியாசம் பெரிதாக இல்லை. இங்கேயும் புற்று வந்துவிட்டதைக் கவனித்தீர்களா!

பணக்காரச் சரக்கும் இருந்தது. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திப் பெண்கள் ஊட்ட மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார் (புறம் 56). அப்படிச் சரக்கு வந்த, ஆம்போரா என்கிற யவனச் சாடிகளின் ஓடுகள் அழகன்குளத்திலும் அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கின்றன. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் காட்டுகிற ஊரில் கள்ளுக்கடைக் கொடியும் பறக்கிறது, அந்தணர் வேதம் பாடுகிற ஒலியும் கேட்கிறது, யாரும் ஒருவரை ஒருவர் சாட்சிக்கு இழுக்கவில்லை.

ஆனால் பாணர் எப்போது குடித்தார், யார் கொடுத்துக் குடித்தார் என்று பாருங்கள். ஔவையார் அதியமானை நினைத்து அழுகிற பாட்டு, எல்லாருக்கும் தெரிந்ததுதான்: "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே, பெரியகட் பெறினே யாம்பாடத் தான்மகிழ்ந்து உண்ணும் மன்னே." கொஞ்சம் கள் கிடைத்தால் முழுவதும் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவன் மகிழ்ந்து குடிப்பான். குடித்து மகிழ்கிறவன் கேட்கிறவன், பாடுகிறவர் பாட்டுக்குள் இருக்கிறார். பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டில் கலைஞன் நன்றாகவே குடிக்கிறான், கொல்லை உழுத கொழு மாதிரிப் பல் மழுங்குகிற அளவுக்கு இறைச்சியும் தின்கிறான், ஆனால் அது விருந்து, கூலி தனி. விடைபெறும்போது யானையும் பொருளும் வருகிறது. முதுகுடுமியும் பாணருக்குப் பொன்தாமரைதான் சூட்டினான் (புறம் 12). கள்ளைக் கொடுத்துவிட்டுப் பொன்னில் கழித்துக்கொண்டதாக ஒரு பாட்டும் இல்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் அப்பா செட்டுக்கு அதுதான் நடந்தது. ஒரு ஊர், பெயர் வேண்டாம். இரண்டு ராத்திரி திருவிழா, அச்சாரம் வாங்கி வெற்றிலை பாக்கு மாற்றிப் பேசிய தொகை ஒன்று. மூன்றாம் நாள் காலையில் கணக்குத் தீர்க்கும்போது நோட்டைப் புரட்டி, "மேளத்துக்குச் சரக்கு" என்று ஒரு வரி எழுதி அதைக் கழித்துக்கொண்டார்கள். குடிக்காதவர்கள் பங்கிலும் கழித்தார்கள். எங்கள் அப்பா குடிக்காதவர். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில் டீ வாங்கிக் கொடுத்து எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார், வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கருப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அண்ணன் அடுத்து அங்கேதான் போவார். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் சாராயம் படைக்கிற காவல் தெய்வம் இல்லாத ஊர் குறைவு. பாண்டி கோயிலில்கூட முனிக்குச் சைவப் படையல், பக்கத்தில் சமயக் கருப்புக்குத்தான் கிடாவும் சரக்கும் சுருட்டும் என்று பந்தி பிரித்து வைத்திருக்கிறார்கள், சோமம் ஒரு பக்கம் சுரா ஒரு பக்கம் என்ற கதைதான். எங்கள் ஊர்க் கருப்புக் கும்பிடில் நான் பார்த்தது இது. நள்ளிரவு தாண்டி, வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள், தோல் சூடேற ஏற விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டே. இலையில் பொரி, சுருட்டு, மூடி திறந்த பாட்டில். சாமியாடி காப்புக் கட்டிய நாளிலிருந்து துளி தொட்டிருக்க மாட்டார். உறுமிக்காரருக்கும் அதே கட்டுப்பாடு. "கூப்புடுறவன் தெளிவா இருந்தாத்தான்யா வர்றவனுக்கு வழி தெரியும்" என்று பூசாரித் தாத்தா சொல்லுவார். உறுமி இழுக்க இழுக்க அருள் இறங்கி, அரிவாள் மேல் ஏறி நின்று, அந்தப் பாட்டிலை அண்ணாந்து ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்வார். மலையேறியபின் திண்ணையில் உட்கார்ந்து மோர் கேட்பார். மிச்சம் இருக்கிற பாட்டில் அதற்கப்புறம்தான் தப்புக்காரர் பக்கம் போகும். பாட்டு, சாமி, மிச்சம். பாஞ்ஞாளில் நம்பூதிரி செய்த வரிசைக்கும் எங்கள் ஊர்ப் பூசாரி வைத்திருந்த வரிசைக்கும் ஒருவருக்கொருவர் கடிதப் போக்குவரத்து எதுவும் கிடையாது, ஆனாலும் வரிசை அதேதான். இன்று வேனில் ஏறும்போதே பாட்டில் வந்துவிடுகிறது. மாறியது அந்த இடம்தான்.

அளவும் மாறியிருக்கிறது. பனங்கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு நாலு முதல் ஆறு வரை. பானைக்குள் சுண்ணாம்பு தடவிவிட்டால் அதுவும் இல்லை, புளிக்காத பதநீர். சங்ககாலச் சாடியும் வேதகாலப் பானையும் புளிக்கவைத்த சரக்குத்தான், வடித்து இறக்கியது அல்ல. கடை பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் இருப்பது சுமார் ஒன்றரை லிட்டர் கள்ளில் இருப்பது. அதை ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட்டுப் பாணனோடு ஒப்பிட்டுக்கொண்டால் பாணன் சிரிப்பான். நம் ராஜ்யத்தில் 1937இல் சேலத்தில் மதுவிலக்கு தொடங்கி, 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்ப வந்து, 1981இல் மறுபடி திறந்து, 1987இல் கள்ளுக்கும் நாட்டுச் சாராயத்துக்கும் தடை வந்து, 2003இல் சில்லறைக் கடைகளும் அரசு கைக்கு வந்த கதையில், லேசான சரக்கு சட்டவிரோதமாகவும் கடுஞ்சரக்கு சட்டப்படியும் ஆனது. கள்ளை அனுமதிக்கலாமா என்பது வேறு வழக்கு, இதில் இழுக்கவில்லை.

கை பேசுமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் பாக்கி. குடித்தால் பயம் குறையும், அது நிஜம். கூடவே சுருதி விலகுகிறதா, காலம் ஓடுகிறதா என்று பார்க்கிற காதும் மழுங்கும், அதனால் நன்றாக வாசித்த மாதிரி தோன்றும். எங்கள் அப்பாவோடு வாசித்த நாயனக்காரர் ஒருவர், அற்புதமான மனிதர், அவர் தோடி ஊதினால் பந்தி பரிமாறுகிறவன் வாளியோடு நிற்பான். ஒரு சித்திரையில் ஊற்றிக்கொண்டு வாசித்தார். நான் புதிதாக வாங்கிய டேப் ரெக்கார்டரில் பிடித்திருந்தேன். மறுநாள் டீக்கடையில், "நேத்து நடுராத்திரி வாசிச்சேனே, கேட்டியா, எறங்கவே மனசில்ல" என்றார். போட்டுக் காட்டினேன். நாயனத்தின் சீவாளி, அந்த ஊதுகிற நாணல், ரெண்டு இடத்தில் பிளிறியிருந்தது, கீழ்க்காலம் எங்கேயோ ஓடி அப்பாவின் தவில் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டிருந்தது. விரலில் கூடு மாட்டி அடிக்கிற அப்பா எப்படிச் சமாளித்தார் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நாயனக்காரர் முழுவதும் கேட்டார். டேப்பை நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு அந்தச் சீவாளியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் குறை இல்ல" என்றார். குடியை நிறுத்தவும் இல்லை, ஐந்தாறு வருடத்தில் போய்விட்டார். நிறுத்தியிருந்தால் இன்னும் அழகான கதையாக இருந்திருக்கும்.

போதை வேண்டும் என்று பாட்டுக்காரர்களே கேட்டிருக்கிறார்கள், அது இல்லையென்று சொல்லவில்லை. தியாகராஜர் ஆந்தோளிகா ராகத்தில் ராகம் என்ற அமுதத்தைக் குடி மனமே, யாகமும் யோகமும் தியாகமும் போகமும் தருகிற பலனை அது தரும் என்று பாடியிருக்கிறார். சோமபானத்தையும் யாகத்தையும் இசைக்குள்ளேயே இறக்கிக்கொண்ட ஆள் அவர். உங்கள் அண்ணனுக்கு இது பிடிக்காது, இதோடு சரக்குப் பாட்டில் வராது பாருங்கள்.

கடைசியாக அவருக்கு ஒரு நல்ல சாட்சி நானே தருகிறேன், உள்ளூர் சாட்சி. பாணபத்திரர் என்று மதுரைக் கோயிலில் யாழ் வாசித்த பாணர். அவர் கஷ்டப்பட்டபோது ஆலவாய்ச் சிவனே சேரமான் பெருமாளுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினார் என்பது நம் ஊர் நம்பிக்கை, திருமுகப் பாசுரம், பதினோராம் திருமுறையின் முதல் பாட்டு அதுதான். யாழ் பயில்கிற பாணபத்திரன் உன்னைப் பார்க்க வருகிறான், உன்னைப் போலவே எனக்கு வேண்டியவன் என்று சொல்லிவிட்டு, கடைசி வரியில் என்ன கேட்கிறார் தெரியுமா? "மாண்பொருள் கொடுத்து வரவிடுப் பதுவே." நல்ல பொருள் கொடுத்துத் திருப்பி அனுப்பு. அடுத்த திருவிழாவுக்கு அச்சாரம் பேசும்போது இந்த வரியைச் சொல்லி, சரக்குக் கணக்கு தனி, சம்பளக் கணக்கு தனி என்று நோட்டில் முதலிலேயே எழுதச் சொல்லுங்கள் தம்பி. நீங்கள் குடிக்காதவர் என்றால் உங்கள் பங்கில் கழிக்கக் கூடாது என்பதையும் சேர்த்து.